கெட்டுப்போன கோசு, ஒரு ஜாடி

சிங்காநல்லூர் மில்லில் அப்போது எனக்கு
மாசம் இருபத்திரண்டு ரூபாய் சம்பளம்.
இங்கிலீஷ் கையெழுத்து முத்தாயிருக்கும் என்று
கெஸ்லர் துரை வீட்டுச் சாமான்களை எழுத
என்னைத்தான் அனுப்பினார்கள்.

கெஸ்லர் என்று எங்களில் யாரும் சொன்னதில்லை.
கேசலார்.
'நம்ம கேசலாருக்கு ஸ்பிண்டில் பேசறது கேக்குமுங்க'
என்பார் ராக்கியண்ணன் மேஸ்திரி.
நூல் அறுவதற்கு முன்பே
அந்த ஃபிரேமுக்குப் பக்கத்தில் போய் நிற்பாராம்.

ஆவணியில் ஒரு ராத்திரி
பைக்காரா கரண்ட் நின்று மில் இருட்டில் கிடந்தபோது
லாந்தரோடு வந்தார்கள்.
அவர் ஆறாம் நம்பர் ஃபிரேமுக்கு அடியில்
மல்லாந்து படுத்திருந்தார்.
போல்ட்டை முறுக்கி முடிக்கட்டும் என்று
இன்ஸ்பெக்டர் மரியாதையாகக் காத்திருந்தார்.
கை துடைக்கக் கழிவுப் பஞ்சு கொடுத்தது நான்.

சம்சாரத்தையும் குழந்தையையும்
வைகாசி வரைக்கும் விட்டுவைத்தார்கள்.
குழந்தைக்கு நாலு வயசு, பெரியாஸ்பத்திரியில் பிறந்தது.
'எந்தூருக்குங்க போறோம்?' என்று
போலீஸ் வேன் டிரைவரைக் கேட்டது.
அவன் சிரித்துவிட்டான்.
பிறகு திரும்பி
ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தான்.

பாரத்தில் ஒரு கட்டம்: தேசம்.
பெரியவர்களுக்கு நேராக ஜெர்மனி என்று எழுதினேன்.
குழந்தைக்கு நேராக
மேற்படிக்கு உண்டான இரண்டு சின்னக் கோடு.
கொசுக்கால் மாதிரி.
ஒரு கொசுவை அடித்தால்கூட
அதைவிடக் கொஞ்சம் அதிகம் மசி ஆகும்.

இரும்புக் கட்டில் இரண்டு.
தையல் மிஷின் ஒன்று, ஊசியோடு;
ஊசிக்கடியில் பாதி தைத்த பாவாடை, அதற்குத் தனி வரி.
கம்பளிக் கோட்டு மூன்று,
கோயமுத்தூர் வெயிலில் ஒருதரமும் போடாதது.
சுவரில் ஆணி பதினொன்று.
ஆணியையும் எழுதச் சொன்னார்
தாசில்தார் ஆபீஸிலிருந்து வந்தவர்.
ஒவ்வொன்றுக்கும் கீழே எதையோ கழற்றிய தடம்
சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது.
அதை எழுதக் கட்டம் இல்லை.

சமையல்கட்டில் கல்லை வைத்து அமுக்கிய ஜாடி.
தூக்கிப் பார்த்தால் வெள்ளையாய் நுரைத்தது.
'அது அவுங்க ஊறுகாயிங்க,
புளிக்கோணும்னே போட்டது' என்றாள் வேலைக்கார நஞ்சக்காள்.
அதற்கு ஒரு பேரும் சொன்னாள்.
அவள் வாயில் வந்தது,
என் இங்கிலீஷில் வரவில்லை.
எழுதினேன்:
கெட்டுப்போன கோசு, ஒரு ஜாடி. மதிப்பு: இல்லை.

கதவைச் சாத்தி அரக்கு வைத்தார்கள்.
ஆறுவதற்குள் ஈ ஒன்று அதில் ஒட்டிக்கொண்டது.
ஆள் இல்லாத அந்த வீட்டுக்குள்
ஜாடி மட்டும்
தன்பாட்டுக்குப் பொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

மில்லுக்கு மூன்று ஷிப்ட்டு வந்தது.
முழுக்கக் காக்கிக்கு நூல்.
கம்போடியாப் பருத்தி விலை ஏறிற்று,
என் சம்பளமும் இருபத்தெட்டாக.
வடக்கே முள்கம்பிக்கு வெளியே
துப்பாக்கியோடு நிற்கிறவன் சட்டையில்
ஆறாம் நம்பரின் நூல் ஒரு முழமாவது இருக்கும்
என்று ஒரு மத்தியானம் கணக்குப் போட்டேன்.
கணக்கு சரியாகவே வந்தது.

மறு வருஷம் டேராடூனிலிருந்து ஒரு கார்டு,
என் பேருக்கு.
ஏழு வரியில் ஐந்து வரிக்குக் கறுப்பு மசி பூசியிருந்தது.
மிச்சம்:
'ஆறாம் நம்பருக்கு பெல்ட் மாற்றியாயிற்றா?
ராக்கியண்ணனைக் கேட்கவும்.'

கறுப்பை விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
பின்பக்கம் திருப்பி, எழுத்து அழுந்திய மேடுகளை
விரலால் தடவிப் பார்த்தேன்.
ஒரு வார்த்தை 'ஜாடி'யாக இருக்கலாம்.
ஒரு பேராகவும் இருக்கலாம்.

பெல்ட்டை மாசியிலேயே மாற்றிவிட்டோம்.
பதில் எழுதக் கூடாது என்று
யாரும் என்னிடம் சொல்லவில்லை.